உயரமான மனிதனின் இரண்டு பற்கள்

பிட்யூட்டரியில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொன்ன மருத்துவர், அடுத்து கேட்டது இது: "அப்பாவுக்கு எப்பவாவது கிட்னியில கல் வந்திருக்காம்மா?"

மூளைக்கு அடியில் இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கிட்னி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. வந்திருக்கிறது என்றேன். தாத்தாவுக்கும் இருந்ததாகக் கேள்வி. "சொந்தத்துல யாருக்காவது வயித்துல திரும்பத் திரும்ப அல்சர்? கழுத்துல ஆபரேஷன்?" தெரியாது. "விசாரிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ரத்தத்தில் கால்சியம் பார்க்க ஒரு சீட்டு எழுதினார். இத்தனை மாதங்களில் நான் எடுத்த சோதனைகளிலேயே மலிவானது அதுதான்.

அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் ஒருகட்டத்தில் நின்றே போனது. முதலில் பார்த்த இடத்தில் பிசிஓடி என்றார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எடை குறைந்தது, வேறெதுவும் நடக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்குச் சோதனை எழுதினார். அது ஏறியிருந்தது. கர்ப்பம், தைராய்டு, வாந்திக்குச் சாப்பிடும் டோம்பெரிடோன் மாதிரியான மாத்திரைகள் என்று புரோலாக்டினை ஏற்றக்கூடிய மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு எம்ஆர்ஐ. பத்து மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டி. புற்றுநோய் இல்லை, ஆபரேஷன் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு தடவை கேபர்கோலின் மாத்திரை. என் கதை அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதும் அல்ல. அந்தக் கிட்னிக் கல் கேள்வி என்னை இழுத்துக்கொண்டு போன இடத்தைப் பற்றியது.

பிட்யூட்டரி ஒரு கொண்டைக்கடலை அளவு இருக்கும். மண்டையோட்டின் அடித்தளத்தில் அதற்கென்றே ஒரு குழி உண்டு. அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு தைராய்டு, அட்ரினல், சினைப்பை, விதைப்பை எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறது. உள்ளே பல வகைச் செல்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஹார்மோன். ஏதாவது ஒரு வகை மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகினால் அந்த ஒரு ஹார்மோன் அளவில்லாமல் சுரக்கும். புரோலாக்டின் என்றால் என்னைப் போல மாதவிலக்கு நிற்கும், சிலருக்குப் பிரசவம் ஆகாமலேயே மார்பில் பால் கசியும். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் என்றால் குஷிங் நோய்: முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, தசை கரையும். வளர்ச்சி ஹார்மோன் என்றால் கை கால், தாடை, மூக்கு எல்லாம் பெருக்கும். அதுவே குழந்தைப் பருவத்தில் வந்தால் ஆளே நிற்காமல் வளர்வார். பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரத்தில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான பிட்யூட்டரிக் கட்டி ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் இருந்தது. இவற்றில் பெரும்பாலானவை யாரிடமிருந்தும் வந்தவை அல்ல, தானாக வந்தவை. பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து என்ற அளவில்தான்.

அந்த ஐந்தில் நான் இருக்கிறேனா என்பதைத்தான் கால்சியம் சீட்டு கேட்டது. மென்-1 என்று ஒரு பரம்பரைக் கோளாறு. 1954-இல் பால் வெர்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே குடும்பத்தில் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் பல சுரப்பிகளில் ஒன்றாகக் கட்டி வருவதைப் பார்த்து, இது பரம்பரையாக இறங்குகிறது என்று எழுதினார். கழுத்தில் உள்ள பாராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி இந்த மூன்றும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும். பாராதைராய்டு ஏறக்குறைய எல்லோருக்குமே கெடும். அதனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் கல்லாக நிற்கும். பிட்யூட்டரிக் கட்டி மூன்றில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ வரும், அதிலும் புரோலாக்டின் கட்டிதான் அதிகம். கணையத்தில் வரும் கட்டி சிலருக்கு இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கி ஆறாத அல்சரைக் கொடுக்கும். ஆகவே கல், அல்சர், கழுத்து ஆபரேஷன் என்று மருத்துவர் சம்பந்தமில்லாமல் கேட்டதாக நான் நினைத்த மூன்றும் ஒரே கேள்விதான்.

அத்தைக்குப் போன் செய்தேன். தாத்தாவுக்குக் கல் எத்தனை தடவை வந்தது, சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஏதோ வெட்டி எடுத்தார்களே அது என்ன என்று கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஏளா, அதெல்லாம் எதுக்கு இப்பம் கேக்க? நம்ம வீட்ல யாருக்கும் ஒண்ணும் கெடையாது, பாத்துக்கோ" என்றாள். அவள் பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கேட்ட நான்தான் நேரம் தெரியாதவள். மூன்று தலைமுறைக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதை ஊருக்கே சொல்லும் குடும்பம், "பரம்பரை" என்ற சொல் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. எங்கள் வீடு மட்டும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

(சித்தப்பாவுக்கு வெட்டியது கொழுப்புக் கட்டி. என் கால்சியமும் சரியாகவே இருந்தது. அப்பாவின் கல் வெறும் கல்தான்.)

எனக்கு மரபணுச் சோதனை தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். முப்பதைத் தாண்டியவளுக்கு, சின்னக் கட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. அப்படியென்றால் வழக்கமாகப் பார்ப்பதில்லை. பதினெட்டுக்குள் பெரிய கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் இரண்டாவது ஆள், அசாதாரண உயரம் இவர்களுக்குத்தான் பார்ப்போம் என்றார். அந்த "அசாதாரண உயரம்" என்ற இடத்தில் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. அங்கே படித்த காலத்தில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் கட்டடத்துக்குள் இருக்கும் ஹன்டேரியன் மியூசியத்துக்குப் போயிருந்தேன். இலவசம் என்பதுதான் போனதற்கு முதற்காரணம். கண்ணாடிக் குடுவைகளில் மிதக்கும் உறுப்புகளுக்கு நடுவே, பழுப்பேறிய ஓர் எலும்புக்கூடு நின்றிருந்தது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். 2.31 மீட்டர். அன்றைக்கு எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்: "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனேன்.

அவர் பெயர் சார்ல்ஸ் பைர்ன். 1761-இல் வட அயர்லாந்தில், டைரோன், லண்டன்டெரி என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் உள்ள லிட்டில்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அம்மா சாதாரண உயரம். பையன் மட்டும் ஏன் இப்படி வளர்கிறான் என்பதற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது: வைக்கோற்போரின் உச்சியில் கருத்தரித்த பிள்ளை, அதனால்தான் உயரம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கிரகணத்தில் வெளியே போனதால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அதிகம் சிரிக்க முடியாது.

இருபது வயதில் பைர்ன் தன் உயரத்தையே பிழைப்பாக்கிக்கொண்டு கிளம்பினார். வழியில் எடின்பரோவில் தெருவிளக்கிலேயே சுருட்டுக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டார் என்றொரு கதை. 1782-இல் லண்டன். ஸ்ப்ரிங் கார்டன்ஸ் பகுதியில் ஒரு வாடகை அறை, பத்திரிகையில் விளம்பரம், பார்க்க வருகிறவருக்கு அரை கிரவுன் கட்டணம். எட்டடிக்கு மேல் என்று விளம்பரம் சொன்னது. எலும்புக்கூடு சொல்வது ஏழடி ஏழு அங்குலம். பிரபுக்களும் விஞ்ஞானிகளும் வந்து பார்த்தார்கள். ஊர் வாய்க்கு ஒரு வருடம் தீனியானார். பிறகு கூட்டம் குறைந்தது, கட்டணம் இறங்கியது, குடி ஏறியது. 1783 வசந்தத்தில் ஒரு சாராயக்கடையில் சேமிப்பு முழுவதும், ஏறத்தாழ 700 பவுண்டு நோட்டாக, சட்டைப் பையிலிருந்து திருடுபோனது. அன்றைக்கு அது ஒரு குடும்பம் பல வருடம் சாப்பிடும் பணம். ஜூன் 1-ஆம் தேதி காக்ஸ்பர் தெருவில் இறந்துபோனார். வயது 22.

அவர் பயந்தது சாவுக்கு அல்ல, அதற்குப் பிறகு நடக்கப்போவதற்கு. 1752-இல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, தூக்கிலிடப்பட்ட கொலைகாரனின் உடலைத்தான் அறுவை மருத்துவர்களிடம் கொடுப்பார்கள். கூறுபோடப்படுவது தண்டனையின் ஒரு பகுதி, புதைக்கக்கூட விடாத அவமானம். குற்றம் எதுவும் செய்யாத ஓர் இளைஞனுக்கு அது நரகத்துக்குச் சமம். மருத்துவர்கள் தன்னைக் கண் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். திமிங்கிலத்தைச் சுற்றிவளைக்கும் ஈட்டிக்காரர்களைப் போல அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு நிற்கிறார்கள் என்று அன்றைய பத்திரிகை ஒன்றே எழுதியது. ஈயப் பெட்டியில் அடைத்து மார்கேட் கரைக்கு அப்பால் கடலில் போட்டுவிடுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவைத்தார்.

பெட்டி கடலுக்குப் போனது. உள்ளே அவர் இல்லை. ஜான் ஹன்டர் அக்காலத்தில் லண்டனிலேயே பேர்பெற்ற அறுவை மருத்துவர், அரசருக்கே வைத்தியர், விலங்கு மனிதர் என்று ஆயிரக்கணக்கில் மாதிரிகள் சேர்த்தவர். அவர் ஆள் வைத்து, வழியில் பணம் கொடுத்து உடலை மாற்றி எடுத்துக்கொண்டார். 500 பவுண்டு என்பார்கள். தன் வீட்டில் ஒரு பெரிய செப்பு அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து எலும்பைத் தனியே எடுத்தார். அவசரத்தில் செய்ததால்தான் எலும்புக்கு அந்தப் பழுப்பு நிறம். சில வருடம் மூச்சுவிடவில்லை. பிறகு ரெனால்ட்ஸ் என்ற ஓவியர் வரைந்த ஹன்டரின் உருவப்படத்தில், வலது மேல் மூலையில், நீண்ட இரண்டு கால் எலும்புகள் மட்டும் தெரியும்படி தொங்குகின்றன. ரகசியத்தை வைத்துக்கொள்ளவும் முடியாமல், பெருமையை விடவும் முடியாமல் ஒரு மனிதர்.

ஹன்டரைக் கொடூரன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தில் உடலைத் திறந்து பார்க்காமல் எந்த அறுவை மருத்துவமும் முன்னேறியிருக்காது. ஏழைகளின் பிணங்களின் மீதுதான் அந்தக் கலை வளர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் பைர்ன் விஷயத்தில் அவர் எதைக் கற்றுக்கொண்டார்? உடல் அழுகுவதற்குள் எலும்பை எடுக்கும் அவசரத்தில் குறிப்பிடும்படியான ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூளையைக்கூடத் திறக்கவில்லை. எடுத்தார், வைத்தார், காட்டினார். அவ்வளவுதான்.

மண்டையைத் திறக்க 1909 ஆக வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1886-இல் பாரிஸில் பியர் மாரி என்ற மருத்துவர் கை, கால், முகம் பெருக்கும் நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டிருந்தார். அதற்கும் பிட்யூட்டரிக்கும் தொடர்பிருப்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பிற்பாடு தன் பெயரிலேயே ஒரு பிட்யூட்டரி நோயைப் பெற்றவர், லண்டனுக்கு வந்தபோது மியூசியத்தின் பொறுப்பாளர் ஆர்தர் கீத்திடம் கேட்டு அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பிட்யூட்டரி உட்காரும் குழி இயல்பைவிடப் பெரிதாக அகன்றிருந்தது. உள்ளே கட்டி வளர்ந்து எலும்பைத் தள்ளியதன் தடம்.

இந்த இடத்தில் உயரம் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்கவைக்கும். அதுதான் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை வேலை வாங்கும். பருவம் எய்தும்போது பாலியல் ஹார்மோன்கள் வந்து அந்தத் தட்டுகளை மூடிவிடும், உயரம் நிற்கும். பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன் கட்டி வந்த சிறுவனுக்கு இரண்டு கேடு ஒன்றாகச் சேர்கிறது. ஒருபக்கம் வளர்ச்சி ஹார்மோன் கொட்டுகிறது. மறுபக்கம் அதே கட்டி, பருவமடையச் சொல்லும் பக்கத்துச் செல்களை நசுக்கிவிடுகிறது. கதவை மூட வேண்டியவருக்கு உத்தரவே வருவதில்லை. பைர்னின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், 22 வயதிலும் தட்டுகள் முழுக்க மூடவில்லை என்றார்கள். பிழைத்திருந்தால் இன்னும் வளர்ந்திருப்பார். தலைவலி, மூட்டுவலி, வியர்வை, தளர்ச்சி இவற்றோடுதான் அந்த வளர்ச்சி. கட்டி மேல்நோக்கிப் போனால் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்திப் பக்கவாட்டுப் பார்வையைத் தின்னும். அரை கிரவுன் கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவருக்கே தெரிந்திருக்காது.

நம்மூரிலும் பையன் மளமளவென்று வளர்ந்தால் "நல்ல வளத்தி" என்று சந்தோஷப்படத்தான் தெரியும். பெரும்பாலும் அது நல்ல வளத்தியேதான், பயப்பட ஒன்றும் இல்லை. வகுப்பில் எல்லோரையும்விட மிக வேகமாக உயர்ந்துகொண்டே போய், செருப்பு அளவு சில மாதத்துக்கு ஒருமுறை மாறி, மீசை முளைக்க வேண்டிய வயதில் அதற்கான அறிகுறியே இல்லாமல், கூடவே தலைவலியும் இருந்தால் மட்டும் ஒரு ஐஜிஎஃப்-1 பார்க்கச் சொல்லலாம். ரத்தச் சோதனைதான்.

குழி பெரிதாக இருந்தது என்பது சரி. கட்டி ஏன் வந்தது? அதற்கான பதில் பின்லாந்திலிருந்து வந்தது. சில குடும்பங்களில் மென்-1 கோளாறின் மற்ற அடையாளம் எதுவும் இல்லாமல் பிட்யூட்டரிக் கட்டி மட்டும் திரும்பத் திரும்ப வருவதை மருத்துவர்கள் வெகுநாளாகக் கவனித்திருந்தார்கள். 1997-இல் மென்-1 மரபணு பதினொன்றாம் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் குடும்பங்களின் கோளாறும் அதே குரோமோசோமின் அதே பகுதியைத்தான் சுட்டியது. ஆனால் மென்-1 மரபணுவைப் படித்தால் பிழையே இல்லை. 2006-இல் லௌரி ஆல்ட்டோனன் தலைமையிலான குழு, வடக்கு பின்லாந்தின் குடும்பங்களைத் தேவாலயப் பதிவேடுகளின் வழியாக 1700-கள் வரைக்கும் பின்தொடர்ந்து, சற்றுத் தள்ளியிருந்த ஏஐபி என்ற மரபணுவில் பிழையைப் பிடித்தது. கட்டியை வரவிடாமல் தடுக்க வேண்டிய மரபணு அது. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒரு பழுதான பிரதி வரும். வாழ்நாளில் எப்போதாவது பிட்யூட்டரியின் ஒரு செல்லில் மற்ற நல்ல பிரதியும் போனால், அங்கே கட்டி தொடங்கும். பிள்ளைக்குப் பழுது இறங்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் இறங்கியவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது. அதனால்தான் இது தலைமுறைகளைத் தாண்டித் தாண்டி வருகிறது. பைர்னின் அப்பாவும் அம்மாவும் சாதாரண உயரமாக இருந்ததில் விந்தை ஒன்றும் இல்லை.

லண்டனில் பார்த்தலமியூ மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் மார்த்தா கோர்போனிட்ஸ், ஹங்கேரியில் பிறந்தவர். பரம்பரைப் பிட்யூட்டரிக் கட்டிகள்தான் அவர் துறை. அவரிடம் வந்த வட அயர்லாந்துக் குடும்பங்களில் ஏஐபி மரபணுவில் ஒரே பிழை திரும்பத் திரும்பத் தெரிந்தது: ஆர்304எக்ஸ் என்று அதற்குக் குறியீடு. புரதத்தை எழுதிக்கொண்டு போகும்போது 304-ஆம் இடத்தில் "நிறுத்து" என்று தவறாக விழுந்துவிடுகிறது. வாலில்லாத அரைகுறைப் புரதம். ஒரே வட்டாரம், ஒரே பிழை, அதே வட்டாரத்தில் பிறந்த பழைய ராட்சதன். கோர்போனிட்ஸ் காலேஜிடம் அனுமதி கேட்டு பைர்னின் இரண்டு பற்களை வாங்கினார். பழைய டிஎன்ஏ-வைப் பிரிப்பதில் தேர்ந்த ஜெர்மனியின் மைன்ஸ் ஆய்வகத்தில் அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். அதே பிழை இருந்தது. பிழையைச் சுற்றியிருந்த டிஎன்ஏ துண்டும் நான்கு இன்றைய குடும்பங்களோடு ஒத்துப்போனது. அதாவது இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு மூதாதை, ஏறக்குறைய 1,500 வருடங்களுக்கு முன்பு. 2011 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் கட்டுரை வந்தது. மியூசியத்தில் நின்ற "அடேயப்பா"வுக்கு உயிரோடு உறவினர்கள் இருந்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பற்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பைர்ன் பிறந்த மிட்-அல்ஸ்டர் வட்டாரத்துக்கே போய் மக்களிடம் கேட்டார்கள். உங்கள் எச்சிலில் கொஞ்சம் தருகிறீர்களா? எதற்கு, என்ன செய்யப்போகிறோம், பழுது இருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான கணக்கின்படி அந்த வட்டாரத்தில் சுமார் 150 பேருக்கு ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார். பெல்ஃபாஸ்ட்டில் ஆயிரத்துக்கு ஒருவர். மூதாதையின் காலமும் இன்னும் பின்னே போய், 2,500 வருடம் என்று திருத்தப்பட்டது. ராட்சதர் கதைகள் நிறைந்த ஊர் அது. ராட்சதர் போட்ட கற்பாதை என்று சொல்லப்படும் ஜயன்ட்ஸ் காஸ்வே அங்கிருந்து அதிக தூரமில்லை. கதைக்கும் மரபணுவுக்கும் முடிச்சுப்போட நிறைய பேர் ஆசைப்பட்டார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ராட்சதர் கதை இல்லாத ஊர் உலகத்தில் எது?

என்னை யோசிக்கவைத்தது வேறு. அங்கேயும் குடும்பங்கள்தான், கல்யாணங்கள்தான், ஊர் வாய்தான். "எங்கள் ரத்தத்தில் பழுது இருக்கிறதா பாருங்கள்" என்று கடைத்தெருவுக்கு வந்த இடத்தில் எச்சிலைக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. நோய் வந்த ஒரு சிலர் முன்னால் வந்து வெளிப்படையாகப் பேசினார்கள். பைர்னின் எலும்புக்கூட்டுக்கு எதிரில் நின்று தொலைக்காட்சியில் பேசியவரும் உண்டு. அப்படி யாராவது முதலில் பேசினால்தான் மற்றவர் வாய் திறக்கும். என் அத்தையிடம் நான் கேட்டவிதம் தவறு என்று பின்னால் தோன்றியது. போனில், ஒரு விசாரணை அதிகாரி மாதிரி. நேரில் போய், முதலில் என் தலையில் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது தாத்தாவின் கல்லிலிருந்து பாட்டியின் தங்கை பைத்தியமானது வரை ராத்திரி முழுக்கச் சொன்னாள். பாதி எனக்குத் தேவையே இல்லை.

பழுதைச் சுமக்கிறவர் என்று தெரிந்த பிறகு என்ன? மரபணுவைத் திருத்த இன்று வழியில்லை. ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றும் வராது என்பதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அவர் காதில் அந்த ஐந்தாவது ஆள்தான் விழும். ஆனால் கண்காணிப்பால் பலன் இருக்கிறது. நாலு வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, வளர்ச்சி வேகம் பார்த்து, ஐஜிஎஃப்-1 சோதித்து வருகிறார்கள். கொஞ்சம் பெரியவர்களான பிறகு எம்ஆர்ஐ. இப்படிப் பிடித்த கட்டிகள், அறிகுறி வந்து பிடித்தவற்றைவிடச் சிறியவை. சிகிச்சைக்கும் மேலாகக் கட்டுப்படுகின்றன. இது பெரிய வித்தியாசம். ஏனென்றால் ஏஐபி கட்டி முரட்டுத்தனமானது. இள வயதில் வரும், வேகமாக வளரும், அக்ரோமெகலிக்கு முதலில் போடும் ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ஊசிகளுக்குச் சரியாக மசியாது. மூக்கு வழியாகப் போய் அறுவை செய்து, பிறகும் மிச்சம் இருந்தால் வேறு மருந்து, கதிர்வீச்சு என்று நீளும். சின்னதாக இருக்கும்போது பார்த்துவிட்டால் மூக்கு வழி அறுவையோடு முடியலாம்.

பைர்னைப் போல இன்னொருவரும் உண்டு. ஜூலியஸ் கோக், ஜெர்மன்காரர், "ராட்சதன் கான்ஸ்டன்டைன்" என்ற பெயரில் ஐரோப்பாவெங்கும் காட்சிப்பொருளாகச் சுற்றியவர். 1902-இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் இறந்தார், எலும்புகள் அங்கேயே நின்றுவிட்டன. 2017-இல் அவருடைய டிஎன்ஏ-வைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஏஐபி அல்ல. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பாகிப் போன, குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே வளர்ச்சி தறிகெட்டுப் போகும் இன்னோர் அரிய கோளாறு. 2014-இல்தான் அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உயரம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே உள்ள காரணம் வேறு வேறு.

ஹன்டேரியன் மியூசியம் 2017-இல் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2011-இல், பற்களின் முடிவு வந்த அதே வருடம், மருத்துவ அறவியலாளர் லென் டோயலும் சட்ட அறிஞர் தாமஸ் முயின்ஸரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்: டிஎன்ஏ எடுத்தாகிவிட்டது, இனி அந்த மனிதரைக் கடலில் விட்டுவிடுங்கள். காலேஜ் அசையவில்லை. 2023 ஜனவரியில் ஒரு பாதி முடிவு வந்தது. அந்த வருடம் மே மாதம் மியூசியம் மறுபடி திறந்தபோது எலும்புக்கூடு காட்சியில் இல்லை. ஆனால் பிட்யூட்டரி நோய்கள் குறித்த ஆராய்ச்சிக்காகக் காலேஜின் வசமே இருக்கும்.

இந்த "ஆராய்ச்சிக்காக" என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. அந்த ஆராய்ச்சியின் பலனை ஓரமாகவாவது அனுபவிப்பவள் நான். பிட்யூட்டரியைப் பற்றித் தெரிந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உடலிலிருந்துதான் வந்தது. நாளைக்குப் புதிய முறை ஒன்று வந்து, எலும்பிலிருந்து இன்று படிக்க முடியாததைப் படிக்கலாம் என்கிறார்கள். வரலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹன்டரின் அண்டாவிலிருந்து குஷிங் மண்டையைத் திறக்கும் வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த எலும்புகள் வெறும் வேடிக்கைப் பொருள். பற்களின் டிஎன்ஏ உறுதிசெய்த பிழையோ, உயிரோடு இருந்த குடும்பங்களிடம் முதலிலேயே தெரிந்துவிட்ட பிழை. பைர்ன் இல்லாவிட்டாலும் அந்த நான்கு குடும்பங்களும் ஒரே மூதாதையின் வழி என்பது தெரிந்திருக்கும். 150-க்கு ஒருவர் என்ற கணக்கு, குழந்தைகளைக் காப்பாற்றும் அந்தக் கணக்கு, எச்சில் கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. பைர்ன் தந்தது ஊர் பேசும் ஒரு கதையை. அந்தக் கதையால் பலர் பரிசோதனைக்கு வந்திருக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு எலும்பு பெட்டியில் இருந்தாக வேண்டுமா? ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, டிஎன்ஏ-வைப் படித்தாகிவிட்டது, இன்னும் தேவையென்றால் ஒரு பல்லை வைத்துக்கொள்ளட்டும்.

அவர் கடலில் போடச் சொன்னதற்கு எழுத்தில் உயில் எதுவும் இல்லை, அன்றைய பத்திரிகைச் செய்திகள்தான் சாட்சி என்பதும் உண்மை. ஆனால் என்னை எடுத்து அண்டாவில் வேகவைத்துத் தொங்கவிடுங்கள் என்று சொன்னதற்குப் பத்திரிகைச் செய்திகூட இல்லை. மார்கேட்டுக்கு லண்டன் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான் ஆகும்.